ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி ஐந்து வருடம் உழைக்க: சார்ஜ், தண்ணீர், பராமரிப்பு

சரியாகப் பார்த்துக்கொண்டால் ஃபோர்க்லிஃப்டின் ஈய-அமில பேட்டரி ஏறக்குறைய 1500 சார்ஜ் தாங்கும். வருடத்துக்கு 300 வேலை நாள், நாளுக்கு ஒரு சார்ஜ் என்று வைத்தால் ஐந்து வருடம். ஆனால் நம் குமரி மாவட்டத்தில் கோணம் தொழிற்பேட்டையானாலும் சரி, கடலோர ஐஸ் கம்பெனியானாலும் சரி, இரண்டாம் வருடமே "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்ற புலம்பல் கேட்கிறது. பேட்டரி கம்பெனியைத் திட்டுவதற்கு முன்னால் சார்ஜ் போடும் இடத்தைப் போய்ப் பார்ப்பது நல்லது. கண்ட தண்ணீர், கண்ட நேரத்தில் சார்ஜ், தணியாத சூடு என்ற மூன்றில் ஒன்று அங்கே இருக்கும். கடல் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

கீழே உள்ள கணக்கெல்லாம் 48 வோல்ட், 600 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு. உங்கள் பேட்டரி வேறு அளவு என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளலாம். தயாரிப்பாளரின் கையேடு வேறு சொன்னால் கையேட்டைக் கேளுங்கள்.

கையில் இருப்பது என்ன

48 வோல்ட் என்றால் இரண்டு வோல்ட் செல் 24, இரும்புப் பெட்டிக்குள் வரிசையாக. எடை ஒரு டன்னை நெருங்கும். அந்த எடை வண்டியின் பின்பாரமும்கூட. அதனால் வண்டியின் தகட்டில் குறித்திருக்கும் குறைந்தபட்ச எடைக்குக் கீழே உள்ள பேட்டரியை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி மாட்டினால், முழுப் பாரம் தூக்கும்போது பின்சக்கரம் மேலே எழும்பும்.

உள்ளே இருப்பது கந்தக அமிலமும் தண்ணீரும். முழு சார்ஜில் எடையில் ஏறக்குறைய 37 சதவீதம் அமிலம். ரப்பர் பால் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் பழகிய கைகள் நம் ஊரில் நிறைய. அந்தப் பழக்கமே இங்கே ஆபத்தாகிறது. ஃபார்மிக் ஆசிட் நெடி மூக்கைப் பிடித்து எச்சரித்துவிடும். கந்தக அமிலத்துக்கு அப்படி நெடி இல்லை. சட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் அப்போது ஒன்றும் தெரியாது. தண்ணீர் மட்டும் ஆவியாகி, அமிலம் அங்கேயே தங்கிக் கெட்டியாகும். மறுநாள் துவைக்கும்போது அந்த இடம் ஓட்டையாகக் கையோடு வரும். தோலிலும் இதே கதைதான். அதனால் பட்டதா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலே கழுவிவிட வேண்டும்.

இன்னொன்று மின்சாரம். 48 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. ஒரு ஸ்பேனர் இரண்டு டெர்மினல் மேல் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பேனர் பழுத்துச் சிவந்து, உருகிய உலோகம் தெறிக்கும். மோதிரம், வாட்ச், கைச்செயின், வெள்ளி அரைஞாண், கழுத்துச் செயின் எல்லாம் கழற்றி வைத்த பிறகுதான் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். மேல் பாக்கெட்டில் பேனா, டெஸ்டர், சாவிக்கொத்து வேண்டாம். குனியும்போது விழுவது அவைதான்.

சார்ஜ் போடும் இடம்

சார்ஜின் கடைசிக் கட்டத்தில் பேட்டரி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் வெளியே விடும். நிறமில்லை, வாசனையில்லை. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். அதனால் அறையில் 1 சதவீதத்தைத் தாண்ட விடக்கூடாது என்பது வழக்கமான அளவு.

கணக்கு இப்படி: கடைசிக் கட்டத்தில் 30 ஆம்பியர் ஓடினால், 24 செல்லும் சேர்ந்து மணிக்கு 320 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் விடும். இதை 1 சதவீதத்துக்குக் கீழே வைக்க ஒரு பேட்டரிக்கு மணிக்கு ஏறக்குறைய 36 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். மூன்று வண்டி ஒரே நேரத்தில் என்றால் மூன்று மடங்கு. 12 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் இதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆக, ஃபேனின் அளவைவிட அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. ஹைட்ரஜன் மேலே ஏறி உத்தரத்தில் நிற்கும். ஃபேன் கூரைக்குக் கீழே ஒட்டியும், எதிர்ச்சுவரில் தரைப்பக்கம் காற்று உள்ளே வரும் துவாரமும் இருக்க வேண்டும். பழைய ஓட்டுக்கூரைக் கட்டடங்களில் ஓட்டு இடுக்கு வழியாகவே ஓரளவு வெளியேறிவிடும். கான்கிரீட் கூரையில் பீமுக்கும் பீமுக்கும் நடுவே உள்ள குழியில் தங்கும். ஃபேன் மோட்டார் பொறி தெறிக்காத வகையாக இருக்கட்டும், அல்லது மோட்டார் காற்று ஓடும் வழிக்கு வெளியே இருக்கட்டும். மழைச்சாரல் அடிக்கிறது என்று இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்) கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, ஃபேனையும் நிறுத்திவிட்டு சார்ஜ் போடுவது பல இடங்களில் நடக்கிறது. வருடத்தின் மிக ஆபத்தான இரவுகள் அவை.

அண்டி ஆபீஸில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வறுக்கும் டிரம், பருப்பு உலர்த்தும் போர்மா. ரப்பர் ஷெட்டில் புகைக்கூடு. இவற்றின் சுவரோடு ஒட்டி சார்ஜர் வைக்கக் கூடாது. வெல்டிங், கிரைண்டிங் அந்த அறைக்குள் நுழையவே கூடாது. பருப்பு பேக்கிங் நடக்கும் இடத்தின் மூலையில் சார்ஜ் போடுவதும் தவறு. குமிழி உடையும்போது அமிலப் பனி கிளம்பும். பேட்டரி மேல் படியும் அழுக்கில் ஈயம் இருக்கும். இரண்டும் சாப்பிடும் பொருளில் படியக் கூடாது.

அறையில் கண்டிப்பாக இருக்க வேண்டியவை: கண் கழுவும் குழாய் (பத்து விநாடியில் தட்டுத் தடுமாறாமல் போய்ச் சேரும் தூரத்தில்), சோடா மாவு ஐந்து கிலோவாவது, உலர்ந்த மணல் இரண்டு வாளி, உலர்பொடி அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். அமிலம் தாங்கும் ரப்பர் கையுறை, ரப்பர் ஏப்ரன், கண்ணாடியும் அதன் மேல் முகமூடித் தகடும், ரப்பர் பூட்ஸ். முகத்துக்கு வாங்கியது ஆணியில் தொங்கிக்கொண்டே பழையதாகிவிடுவதுதான் வழக்கம். செல் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது முகத்தில் இருக்க வேண்டும்.

சார்ஜ் போடும் முறை

சார்ஜரின் தகட்டில் உள்ள வோல்ட்டும், ஆம்பியர்-அவர் வரம்பும் பேட்டரித் தகட்டோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். தொடக்கத்தில் 100 ஆம்பியர்-அவருக்கு 14 முதல் 16 ஆம்பியர் என்பது பொது அளவு. நம் பேட்டரிக்கு 85 முதல் 95 ஆம்பியர். 36 வோல்ட் பேட்டரியில் 48 வோல்ட் சார்ஜரைக் கொடுத்தால் கொதிக்கும். ஆண்டர்சன் வகை பிளக்குகளுக்கு நிறம் வைத்திருப்பதே இதற்காகத்தான்: சிவப்பு 24 வோல்ட், சாம்பல் 36, நீலம் 48. நிறம் மாறினால் ஒன்றோடொன்று சேராது. சேரவில்லை என்று காதை வெட்டி, நெருக்கிச் சொருகி வைத்திருக்கும் பிளக்கை எங்கே பார்த்தாலும் அன்றே மாற்றுங்கள்.

1. வண்டியை நிறுத்தி, ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிடவும்.
2. பேட்டரி மூடியை (சீட்டோடு சேர்ந்திருந்தால் சீட்டை) முழுக்கத் திறந்து வைக்கவும். செல்லின் வென்ட் மூடிகள் (வாயு வெளியேறத் துளையுள்ள மூடிகள்) அடைத்தபடியே இருக்கட்டும்.
3. தண்ணீர் மட்டம் பார்க்கவும். செல்லுக்குள் இருக்கும் ஈய பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் ஊற்றவும். மற்றபடி இப்போது ஊற்ற வேண்டாம்.
4. சூடு பார்க்கவும். அமிலம் 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் ஆறிய பிறகு போடவும்.
5. சார்ஜர் ஆஃப் ஆகியிருப்பதை உறுதி செய்த பிறகே பிளக்கைச் சொருகவும். அதற்குப் பின் ஆன் செய்யவும்.
6. ஐந்து நிமிடம் கழித்துப் பிளக்கைக் கையால் தொட்டுப் பார்க்கவும். சுட்டால் உள்ளே தொடுமுனை தேய்ந்திருக்கிறது.
7. எடுக்கும்போது முதலில் சார்ஜரை நிறுத்தவும், பிறகு பிளக்கை இழுக்கவும். கேபிளைப் பிடித்து இழுக்கக் கூடாது.

ஏழாவதில்தான் உயிர் இருக்கிறது. சார்ஜ் ஓடும்போதே பிளக்கை உருவினால் பொறி பறக்கும். அந்த நேரம் பேட்டரியின் மேல் ஹைட்ரஜன் நிற்கும். செல் மூடி வெடித்து அமிலம் முகத்தில் அடிப்பது பெரும்பாலும் இப்படித்தான். லைட்டரோ தீக்குச்சியோ கொளுத்தித் தண்ணீர் மட்டம் பார்ப்பது அடுத்த காரணம்.

இரவில் கரண்டு போய் வந்தால் என்ன ஆகும் என்பது சார்ஜரைப் பொறுத்தது. புதிய சார்ஜர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும். பழைய டைமர் சார்ஜர் சில, மீண்டும் முதலிலிருந்து எட்டு மணி நேரம் எண்ணும். சில, திரும்ப ஆன் ஆகவே ஆகாது. காற்றும் மழையுமான நாட்களில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் மரம் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் போவது உண்டு. மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் சார்ஜர் "முடிந்தது" விளக்கைக் காட்டுகிறதா என்று பார்க்காமல் பிளக்கை உருவ வேண்டாம்.

எப்போது சார்ஜ் போடுவது

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் சார்ஜ், எட்டு மணி நேரம் சூடு ஆறுதல். இதுதான் இந்த வகை பேட்டரிக்குப் பொருத்தமான நாள். 80 சதவீதம் செலவானதும், அதாவது இண்டிகேட்டர் 20 சதவீதம் மிச்சம் காட்டும்போது, வண்டியை சார்ஜுக்கு விட வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அந்த இடத்தில் ஃபோர்க் தூக்குவது தானாக நின்றுவிடும். சாவியை அணைத்துப் போட்டு "இன்னும் ரெண்டு லோடு" ஓட்டும் கெட்டிக்காரத்தனம் அங்கேதான் தொடங்கும். அந்த ரெண்டு லோடில் பலவீனமான செல் பிளஸ் மைனஸ் மாறித் தலைகீழாகிவிடலாம். வோல்ட் குறைந்த நிலையில் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். பழைய டிசி வண்டிகளில் காண்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்டு விடும் ஸ்விட்ச்) முனை கருகி ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

எதிர்ப்பக்கத் தவறு, கொஞ்சம் கொஞ்சமாக சார்ஜ் போடுவது.

"அண்ணே, சாப்பிட்டுட்டு வாறதுக்குள்ள ஒரு அரை மணி நேரம் சொருவிப் போட்டுரட்டா?"

"வேண்டாம் மக்கா. சாயங்காலம் முழுசாப் போடு."

இந்த "வேண்டாம்" ஏன் என்றால்: பேட்டரியின் ஆயுள் சார்ஜ் எண்ணிக்கையில்தான். மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று போட்டால் ஆறுவதற்கு நேரமில்லாமல் சூடு ஏறிக்கொண்டே போகும். சூடு 10 டிகிரி நிரந்தரமாகக் கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சார்ஜ் ஆகும்போது பிளேட்டிலிருந்து வெளிவரும் கனமான அமிலம் செல்லின் அடியில் போய்த் தங்கும். அதைக் கலக்கிவிடுவது கடைசிக் கட்டத்தில் வரும் குமிழிகள்தான். பாதியில் பிடுங்கினால் அந்தக் கட்டமே வராது. அடியில் கெட்டி அமிலம், மேலே வெறும் தண்ணீர் என்று நாளாக நாளாக அடுக்கு பிரியும். பிளேட்டின் அடிப்பாகம் அரித்துப்போகும், மேல்பாகம் வேலை செய்யாது. அரை மணி நேர சார்ஜுக்கென்றே செய்த பேட்டரிகளும் சார்ஜர்களும் தனியாக இருக்கின்றன. உங்களுடையது அதுவென்று தகட்டில் எழுதியிருந்தால் மட்டும் தாராளமாகப் போடுங்கள்.

தண்ணீர்

ஒரு முழு சார்ஜில் 480 ஆம்பியர்-அவர் திரும்ப ஏற வேண்டும் என்றால், அதற்கு மேல் 15 சதவீதம், ஏறக்குறைய 72 ஆம்பியர்-அவர், கூடுதலாகப் போகும். அது தண்ணீரைப் பிரிப்பதில் செலவாகிறது. செல் ஒன்றுக்கு 24 மில்லி. 24 செல்லுக்கும் சேர்த்து அரை லிட்டருக்கு மேல். வாரம் ஆறு சார்ஜ் என்றால் மூன்றரை லிட்டர். உங்கள் பேட்டரி வாரம் ஆறு ஏழு லிட்டர் குடிக்கிறது என்றால் சார்ஜர் அதிகமாக ஏற்றுகிறது, அல்லது பேட்டரிக்கு வயதாகிவிட்டது. ஒரு செல் மட்டும் மற்றதைவிடக் கூடுதலாகக் குடித்தால் அந்தச் செல்லின் பெட்டியில் கசிவு தேடுங்கள். தண்ணீரே குடிக்காத பேட்டரியும் நல்ல சேதி இல்லை, அது முழு சார்ஜ் ஆகவே இல்லை.

சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். சார்ஜ் போடும் முன் மட்டம் கீழே இருக்கும். அப்போது கழுத்து வரை நிரப்பினால், சார்ஜில் திரவம் விரிந்து, குமிழியும் சேர்ந்து, மூடி வழியாக வழியும். வழிவது தண்ணீர் இல்லை, அமிலம். போன அமிலம் போனதுதான். அடுத்த வாரம் மறுபடி தண்ணீர் ஊற்றுவீர்கள், செல் மேலும் நீர்த்துப்போகும். மட்டம் பிளேட் பாதுகாப்புத் தகட்டுக்கு மேல் 6 மில்லிமீட்டர் போதும். மிதவை வைத்த வென்ட் மூடி என்றால் குறியீட்டுக் குச்சி எழும்பியதும் நிறுத்துங்கள். வாரம் ஒரு முறை பார்ப்பது நல்ல பழக்கம். பழைய பேட்டரிக்கு இரண்டு முறை.

எந்தத் தண்ணீர்? டிஸ்டில்டு அல்லது டிஎம் (தாது உப்பு நீக்கிய) தண்ணீர். இந்தியத் தர எண் ஐஎஸ் 1069 என்பது பேட்டரித் தண்ணீருக்கென்றே உள்ளது. கேனில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நம் மாவட்டத்தில் இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, ஏனென்றால் இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கடலோரக் கிணற்றில் உப்பு இருக்கும்; அதன் குளோரைடு பாசிட்டிவ் பிளேட்டின் ஈயச் சட்டத்தைத் தின்னும். செம்மண், சரளைப் பகுதி போர் தண்ணீரில் இரும்பு கலந்திருக்கும். அது சும்மா நிற்கும் பேட்டரியையும் வடிய வைக்கும். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்லது, ஆனால் அதில் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும், பேட்டரிக்குப் போதாது. ஓட்டிலிருந்து பிடித்த மழைத்தண்ணீர் தூசியும் பாசியும் கலந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் செம்புக்குழாய், அலுமினியத் தகடு மேலாக வருவது. எல்லாவற்றுக்கும் "தெளிவாத்தானே இருக்கு" என்பதுதான் நியாயம். தெளிவு இங்கே கணக்கில் வராது. வாங்கும் தண்ணீரின் மின்கடத்தலை அளக்கச் சின்னக் கருவி கிடைக்கும். சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே காட்டினால் தைரியமாக ஊற்றலாம்.

கேனும் புனலும் பிளாஸ்டிக். தகரப் புனல் ஆகவே ஆகாது. அந்தக் கேனை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. ஆசிட் ஒருபோதும் ஊற்ற வேண்டாம். கிராவிட்டி (அமிலத்தின் அடர்த்தி எண்) குறைந்திருக்கிறது என்று ஆசிட் ஊற்றினால் அதை அளக்கும் ஹைட்ரோமீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், பேட்டரி மட்டும் அப்படியே கிடக்கும்.

ஹைட்ரோமீட்டரும் நோட்டும்

கிராவிட்டி பார்க்காமல் பேட்டரி பார்த்தேன் என்று சொல்ல முடியாது. முழு சார்ஜ் முடிந்து ஒரு மணி நேரமாவது ஆன பிறகு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஊற்றிய உடனே எடுத்தால் மேலே மிதக்கும் புதுத் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். ரப்பர் குமிழை இரண்டு மூன்று முறை அழுத்தி உள்ளே வெளியே விட்டு, மிதவை கண்ணாடிச் சுவரைத் தொடாமல் நிற்கும்போது, கண் மட்டத்தில் வைத்துப் படிக்கவும். திரவம் விளிம்பில் மேலேறி நிற்கும்; படிக்க வேண்டியது நடுவில் உள்ள தட்டை மட்டத்தை.

முழு சார்ஜில் 1.280, கூடினால் 1.290. 80 சதவீதம் செலவானபோது 1.140 அருகே. இவை 27 டிகிரிக்கான எண்கள். ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் 0.0007 சேர்க்க வேண்டும். சித்திரை வெயிலில் அமிலம் 41 டிகிரி இருக்கும்போது 1.270 காட்டினால், உண்மையில் 1.280; பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. இந்தத் திருத்தம் தெரியாமல் சித்திரை, வைகாசியில் நல்ல பேட்டரியைக் கூடுதல் சார்ஜ் போட்டு வேகவைப்பவர்கள் உண்டு. மல்டிமீட்டர் மட்டும் இருந்தால்: ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்ட் ஏறக்குறைய கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் வரும். 1.280 என்றால் 2.12 வோல்ட், 24 செல்லுக்கு 50.9.

மாதம் ஒரு முறை 24 செல்லையும் எடுத்து நோட்டில் எழுதுங்கள். தினமும் எடுக்க ஒரே ஒரு செல்லைக் குறித்து வையுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறொன்றுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் அந்தச் செல்லில் மட்டும் அமிலம் சொட்டுச் சொட்டாகக் குறையும். ஒரு நாள் எண்ணில் பெரிதாக ஒன்றும் தெரியாது. மூன்று மாத எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எந்தச் செல் இறங்குகிறது என்று பளிச்சென்று தெரியும்.

செல்லுக்குச் செல் வித்தியாசம் 0.020-ஐத் தாண்டினால் ஈக்வலைஸ் சார்ஜ், அதாவது எல்லாச் செல்லையும் ஒரே நிலைக்குக் கொண்டுவரும் கூடுதல் சார்ஜ், போட வேண்டும். வழக்கமான சார்ஜ் முடிந்ததும், 100 ஆம்பியர்-அவருக்கு 3 ஆம்பியர் அளவில், மணிக்கொரு முறை கிராவிட்டி பார்த்துக்கொண்டே, மூன்று முறை தொடர்ந்து எண் ஏறாமல் நிற்கும் வரை. சார்ஜரில் அதற்கென்று பொத்தான் இருந்தால் அதை அழுத்தினால் போதும். ஞாயிறு முன்னிரவு இதற்குத் தோதான நேரம். இந்த நேரத்தில் வாயு அதிகம், ஃபேன் கட்டாயம். அமிலம் 55 டிகிரியைத் தொட்டால் உடனே நிறுத்தவும். அதற்குப் பிறகும் ஒரு செல் 0.050 தள்ளியே நின்றால் அந்தச் செல் போய்விட்டது. அதை மாற்றுவது பேட்டரி மெக்கானிக்கின் வேலை.

திரவம் பழுப்பாகக் கலங்கி வந்தால் பாசிட்டிவ் பிளேட்டின் பொருள் உதிர்கிறது. அளவுக்கு மீறிய சார்ஜ் அல்லது வயது. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் செல் மிதமிஞ்சிச் சூடாகிவிட்டது. மெயின் ஸ்விட்சில் சார்ஜரை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றுங்கள். ஆறும் வரை யாரும் குனிந்து பார்க்க வேண்டாம்.

கழுவுதல்

பேட்டரி மேல் ஈரப்பசையாக ஒரு படலம் இருக்கும், காய்ந்தாலும் காயாத மாதிரி. அது அமிலம். அதன் வழியாக மின்சாரம் மெல்லக் கசியும், இரும்புப் பெட்டியும் அரிக்கும். முட்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடலோரத்தில் உப்புக்காற்றும் அதோடு படியும். லக் (கேபிள் முனையில் உள்ள உலோக வளையம்) பக்கத்தில் பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அமிலம் கேபிளுக்குள் போய்ச் செம்பைத் தின்கிறது என்று பொருள். உள்நாட்டில் மாதம் ஒரு முறை போதும். கடலோரத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ஆப்ப சோடா. வென்ட் மூடிகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்; சோடா உள்ளே போனால் அமிலத்தை முறித்துவிடும். பிளாஸ்டிக் பிரஷால் தேய்க்கவும். நுரைப்பது நிற்கும் வரை சோடா, பிறகு சுத்தமான தண்ணீர், பிறகு துணியால் துடைத்து உலர விடவும். பெட்டியின் அடியில் தேங்கியதை ரப்பர் குழாய் வைத்த கைப்பம்பால் எடுக்கவும். வாயால் உறிஞ்சக் கூடாது என்று எழுத வேண்டியிருக்கிறது, எழுதுகிறோம். கழுவிய தண்ணீரில் ஈயம் இருக்கும். நம் ஊரில் ஓடை போனால் குளம், குளம் நிறைந்தால் வயல். அதனால் தொட்டியில் பிடித்து, பிஎச் தாளில் 7 அருகே வரும் வரை சோடா போட்டு, அடியில் தங்கும் சேற்றை அபாயக் கழிவாகத் தனியே சேர்த்து, அதை எடுக்க உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

உலர்ந்ததும் ஒரு சோதனை: மல்டிமீட்டரின் ஒரு முனை பாசிட்டிவ் டெர்மினலில், மற்றது பெயிண்ட் சுரண்டிய இரும்புப் பெட்டியில். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இன்னும் கசிகிறது, மறுபடி கழுவவும். கழுவியும் போகவில்லை என்றால் ஏதோ ஒரு செல் பெட்டி விரிந்திருக்கிறது. போல்ட் இணைப்புகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) பாருங்கள். எம்10 போல்ட்டுக்குப் பொதுவாக 25 நியூட்டன் மீட்டர். ரெஞ்சின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் வேண்டும். மேலே மெல்லிய வாஸ்லின்.

தூக்கி மாற்றும்போது

ஒரு டன்னைக் கயிறு கட்டி இன்னொரு ஃபோர்க்லிஃப்டால் தூக்குவது வேண்டாம். பேட்டரி நீளத்துக்கேற்ற லிஃப்டிங் பீம், கொக்கி நான்கு மூலையிலும் நேர் செங்குத்தாக. சங்கிலி சரிந்து இழுத்தால் பெட்டி உள்ளே வளைந்து செல்லை நெரிக்கும். பீம் இரும்பாக இருந்தால் பேட்டரி மேல் ரப்பர் விரிப்பு போட்டு மூடவும். மாட்டிய பிறகு பக்கவாட்டுத் தடுப்பும் பூட்டும் விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது.

ஆசிட் பட்டால்

கண்ணில் பட்டால் இமையை விரலால் விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் நிறுத்தாமல் கழுவ வேண்டும். அவர் வலியில் கண்ணை மூடிக்கொள்வார், கூட ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சோடாத் தண்ணீர், எலுமிச்சை, தாய்ப்பால் எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும். வேறு ஒருவர் அதே நேரத்தில் 108-ஐ அழைக்கட்டும். முதல் 15 நிமிடம் கழுவாமல் நேராக ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினால், போய்ச் சேரும்போது பார்வைக்குச் சேதம் ஆகிவிட்டிருக்கும். தோலில் பட்டால் உடையைக் கழற்றிக்கொண்டே கழுவவும். தரையில் கொட்டினால் மணலால் கரை கட்டி, சோடாவோ நீற்றிய சுண்ணாம்போ தூவி, நுரை அடங்கிய பிறகு பிளாஸ்டிக் முறத்தால் அள்ளவும்.

வண்டி சும்மா நிற்கும் மாதங்களில்

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. ஐஸ் கம்பெனி, மீன் கிடங்கு வண்டிகள் அப்போது அதிகம் ஓடாது. பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போனால் பிளேட்டில் படியும் சல்பேட் கெட்டிப்படும். இரண்டு மாதம் கழித்து வரும்போது எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. தடை தொடங்கும் முன் முழு சார்ஜ், தண்ணீர், கழுவுதல். வண்டியின் பிளக்கைக் கழற்றிவிடவும். மாதம் ஒரு முறை முழு சார்ஜ், கடைசி நாளுக்கு முன் ஒரு ஈக்வலைஸ் சார்ஜ்.

எப்போது மாற்றுவது, எங்கே கொடுப்பது

திறன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்ற வேண்டிய காலம். முழு சார்ஜ் பேட்டரியை 120 ஆம்பியர் சுமையில் வடிய விட்டால் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு முன்பே 40.8 வோல்ட்டுக்கு இறங்கினால் கணக்கு முடிந்தது. செகண்ட்ஹேண்ட் பேட்டரி வாங்குபவர்களும் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்கலாம். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

லித்தியத்துக்கு மாறுவதாக இருந்தால் தண்ணீர், கிராவிட்டி, ஈக்வலைஸ் எல்லாம் போய்விடும். இடைவேளை சார்ஜும் போடலாம். ஆனால் பழைய சார்ஜர் ஆகாது, அதற்கென்று உள்ளதுதான். எடை குறைவதால் பின்பார எடையை வண்டி கம்பெனியிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

பழைய ஈய பேட்டரியை எடைக்கு எடுக்க ஆள் வாசலிலேயே நிற்பார். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ உற்பத்தியாளரின் சேகரிப்பிலோதான் சேர்க்க வேண்டும். புதியது வாங்கும்போதே டீலரிடம் பழையதைத் திரும்ப எடுக்கும் விலையைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அமிலத்தை வடித்தால் எடைக்குச் சுலபம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். வென்ட் மூடிகள் அடைத்து, டெர்மினல்களுக்கு உறை போட்டு, நிமிர்ந்த நிலையில், அப்படியே வண்டியில் ஏற வேண்டும். ரசீதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.